செஞ்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி தொல்லை: ஸ்கோப் துப்பாக்கியால் தூரத்திலிருந்து சுட முடியுமா? சட்டமும் கணக்கும் சொல்வது என்ன?

மல்லாட்டை காய் பிடிக்கும் நேரம் வந்துவிட்டால் செஞ்சி பக்கத்து விவசாயிகளுக்குத் தூக்கம் போய்விடும். ஒரு பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் நுழைந்தால் போதும். தின்றது பாதி, கிளறிப் போட்டது பாதி என்று கொல்லையே நாசம். நெல், கரும்பு, மரவள்ளி என எதுவும் தப்பாது.

"வனத்துறைதான் சுட அனுமதி கொடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று ஒரு பக்கம் கேள்வி. "ஸ்கோப் வச்ச துப்பாக்கி இருந்தா மலைமேல உட்கார்ந்தே சுட்டுடலாமே" என்று இன்னொரு பக்கம் பேச்சு. அமெரிக்காவில் முந்நூறு, நானூறு மீட்டர் தூரத்திலிருந்து விலங்கைச் சுட்டு வீழ்த்தும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடப்பதால் அது சுலபம் போலவே தெரிகிறது.

உண்மையில் யார் சுடலாம்? எங்கே சுடலாம்? ஸ்கோப்பைத் திருகி வைத்தால் தோட்டா சொன்ன இடத்துக்குப் போய்விடுமா? செஞ்சி போன்ற பாறை மலைப் பகுதியில் அதில் என்ன ஆபத்து?

பொதுமக்கள் சுடலாமா?

கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணைப்படி, காட்டுப்பன்றி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. தன் நிலத்துக்குள் வந்த பன்றியாகவே இருந்தாலும், அனுமதி இல்லாமல் கொன்றால் அது வேட்டைதான்.

இந்தச் சட்டத்தின் பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. இருட்டில் பன்றி என்று நினைத்துச் சுட்டது வேறு விலங்காக இருந்தால் வழக்கின் கனமே மாறிவிடும்.

துப்பாக்கிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால், 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே வழி உண்டு. அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான். வனவிலங்கைச் சுடும் அனுமதியை அது தந்துவிடாது. பலர் குழம்பும் இடம் இதுதான்.

அப்படியானால் அரசு கொடுத்த அனுமதி யாருக்கு?

வனவிலங்கு சட்டத்தின் 11-வது பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது. இரண்டாவது அட்டவணையில் உள்ள ஒரு விலங்கு மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டால், தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ எழுத்துப்பூர்வமாக, காரணம் குறிப்பிட்டு, அதைக் கொல்ல அனுமதிக்கலாம்.

இதன் அடிப்படையில்தான் 2025 ஜனவரியில் தமிழக அரசு அரசாணை வெளியிட்டது. அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் இதை அறிவித்தார். அதன்படி நிலம் மூன்று பகுதிகளாகப் பிரிகிறது.

• காப்புக் காட்டிலிருந்து 1 கி.மீ. வரை: சுட அனுமதி இல்லை.
• 1 கி.மீ. முதல் 3 கி.மீ. வரை: கூண்டு வைத்துப் பிடித்து காட்டில் விட வேண்டும்.
• 3 கி.மீ.க்கு அப்பால்: சுடலாம். ஆனால் சுட வேண்டியவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர்.

நிலத்தின் சொந்தக்காரர் துப்பாக்கி எடுக்க இந்த அரசாணையில் இடமில்லை. புகார் கொடுப்பதுதான் அவர் வேலை.

செஞ்சியில் இது ஏன் சிக்கல்?

செஞ்சியின் அமைப்பே வேறு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை மதில் கட்டி இணைத்ததுதான் செஞ்சிக் கோட்டை. அதைச் சுற்றியும், பக்கமலை வரையும் பாறைக் குன்றுகள், முள்காடு, அதற்கு இடையிடையே வயல், ஏரி, ஊர். காடு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. துண்டு துண்டாகக் கிடக்கும் காட்டின் ஓரத்திலேயே மல்லாட்டைக் கொல்லை தொடங்கிவிடுகிறது.

அதனால் பன்றித் தொல்லை எங்கே அதிகமோ, அந்த நிலம் பெரும்பாலும் முதல் 3 கி.மீ.க்குள்ளேயே விழுகிறது. சுட அனுமதி உள்ள இடத்தில் பன்றி குறைவு. பன்றி உள்ள இடத்தில் சுட அனுமதி இல்லை. மலையடிவார விவசாயிகளின் ஆதங்கம் இதுதான்.

ஆனால் அந்த எல்லைக்கும் காரணம் இருக்கிறது. காட்டை ஒட்டி வருகிற பன்றி காட்டு விலங்குகளின் உணவுச் சங்கிலியில் ஒரு கண்ணி. காட்டை விட்டு வெகுதூரம் தள்ளி, கரும்புத் தோட்டத்திலும் சீமைக் கருவேலங்காட்டிலும் தங்கிக் குட்டி போடுகிற கூட்டத்தின் கதை வேறு. அரசாணை பிரிக்கப் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

ஸ்கோப்பை 'ஜீரோ' செய்வது என்றால் என்ன?

இனி துப்பாக்கிப் பக்கம் வரலாம். துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கிதான் ஸ்கோப். உள்ளே ஒரு குறுக்குக் கோடு தெரியும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் இலக்கு இருந்தால் தோட்டா அங்கேயே போய்விடும் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

போகாது. ஸ்கோப் குழலுக்கு மேலே 4, 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கண் பார்க்கும் கோடு நேர்கோடு. தோட்டா போகும் பாதையோ வளைவு. குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் எப்படிக் கொஞ்ச தூரம் போய்க் கீழே வளைகிறதோ, தோட்டாவும் அப்படித்தான். இந்த நேர்கோடும் வளைவும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கும்படி செய்வதற்குப் பெயர்தான் ஜீரோ செய்வது.

துப்பாக்கிச் சுடும் தளங்களில் இதைச் செய்யும் முறை எளிமையானது. மணல் மூட்டையில் துப்பாக்கியை அசையாமல் வைக்கிறார்கள். முதலில் 25 மீட்டரில் தோட்டா அட்டையில் படுகிறதா என்று பார்த்துவிட்டு 100 மீட்டருக்குப் போகிறார்கள். ஒரே குறியில் மூன்று தோட்டா. மூன்று ஓட்டைகளுக்கும் நடுப்புள்ளி எங்கே என்று அளக்கிறார்கள். ஒரே ஒரு ஓட்டையை நம்பித் திருகினால், சுட்டவரின் கை நடுக்கத்தையும் சேர்த்துத் திருகியது போல் ஆகிவிடும்.

ஸ்கோப்பின் மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. மேல் திருகு ஏற்ற இறக்கத்துக்கு, பக்கத் திருகு இட வலத்துக்கு. திருகும்போது 'கிளிக்' 'கிளிக்' என்று சத்தம் வரும். 'மில்' கணக்கில் வரும் ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது 100 மீட்டரில் 1 செ.மீ. 'எம்.ஓ.ஏ.' கணக்கில் வருவதில் ஒரு கிளிக் பெரும்பாலும் 100 மீட்டரில் முக்கால் செ.மீ.க்குச் சற்றுக் குறைவு.

உதாரணத்துக்கு, 100 மீட்டரில் நடுப்புள்ளி 6 செ.மீ. கீழேயும் 4 செ.மீ. வலப்பக்கமும் விழுந்தால், மில் ஸ்கோப்பில் 6 கிளிக் மேலே, 4 கிளிக் இடது. அதே பிழை 50 மீட்டரில் தெரிந்தால் இரண்டு மடங்கு கிளிக் வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரு கிளிக்கின் மதிப்பு பாதிதான். திருத்திய பிறகு மறுபடி மூன்று தோட்டா சுட்டுச் சரிபார்க்க வேண்டும்.

ஒருமுறை செய்தால் காலத்துக்கும் போதுமா என்றால், இல்லை. துப்பாக்கி கீழே விழுந்தால், ஜீப்பில் குலுங்கினால், வேறு வகைத் தோட்டா போட்டால் மறுபடி முதலிலிருந்து.

தூரம் கூடினால் என்ன ஆகும்?

கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டு, தோட்டா நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளலாம். புவியீர்ப்பால் அது கீழே இறங்கும் அளவு:

• 100 மீட்டரில்: சுமார் 14 செ.மீ.
• 200 மீட்டரில்: சுமார் 54 செ.மீ.
• 300 மீட்டரில்: சுமார் 122 செ.மீ.

தூரம் இரண்டு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு. 100 மீட்டரில் ஜீரோ செய்த துப்பாக்கியைத் திருத்தாமல் அப்படியே பிடித்துச் சுட்டால், 200 மீட்டரில் 22 செ.மீ. கீழே படும். 300 மீட்டரில் 72 செ.மீ. கீழே. அதைச் சரிக்கட்ட 200 மீட்டருக்கு 11 கிளிக், 300 மீட்டருக்கு 24 கிளிக் ஏற்ற வேண்டும். நிஜத்தில் காற்றின் தடையால் தோட்டாவின் வேகம் குறைந்துகொண்டே போவதால் இறக்கம் இதைவிட அதிகம்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தூரம் சரியாகத் தெரிந்தால்தான் இந்தக் கணக்கே. 300 மீட்டரில் நிற்கும் பன்றியைக் கண்ணால் பார்த்து 250 மீட்டர் இருக்கும் என்று தப்பாக மதிப்பிட்டால், 24-க்குப் பதில் 17 கிளிக்தான் ஏற்றுவார்கள். தோட்டா குறியிலிருந்து 21 செ.மீ. கீழே போகும். பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ ஒரு சாண் அளவு. 21 செ.மீ. தவறினால் கால் உடையும், அல்லது வயிறு கிழியும். பன்றி சாகாது. அடிபட்ட பன்றி புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். விடிந்ததும் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கப் போகிறவர்தான் அதன் முன்னால் நிற்பார்.

மலையிலிருந்து சுட்டால் கணக்கு மாறுமா?

மாறும். செஞ்சிக்கு முக்கியமான பாடம் இது. ராஜகிரி மலை மட்டும் சுமார் 800 அடி உயரம். சரிவில் இருந்து கீழே உள்ள வயலைப் பார்த்துச் சுட்டாலும், கீழிருந்து மேலே சுட்டாலும், தோட்டா எதிர்பார்த்ததைவிட மேலேதான் படும்.

காரணம், புவியீர்ப்பு நேர் கீழே இழுக்கிறது. அதனால் கணக்கில் எடுக்க வேண்டியது சாய்வான தூரத்தை அல்ல, தரையில் அளக்கும் கிடைமட்டத் தூரத்தை. 30 பாகை சரிவில் 300 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்குக்குக் கிடைமட்டத் தூரம் 260 மீட்டர்தான். அதற்கு வேண்டியது 19 கிளிக். தெரியாமல் 24 வைத்தால் தோட்டா சுமார் 15 செ.மீ. மேலே போய்விடும். பன்றியின் முதுகைத் தாண்டி, பின்னால் என்ன இருக்கிறதோ அதன் மேல் படும்.

இதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். சுடுபவர் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, இரண்டு குன்றுகளுக்கு நடுவில் வேறு காற்று. ஸ்கோப்பின் பக்கத் திருகு இதற்காகத்தான். ஆனால் எத்தனை கிளிக் என்பதை எந்த ஸ்கோப்பும் சொல்லாது. அனுபவம்தான் சொல்ல வேண்டும்.

தவறிய தோட்டா எங்கே போகும்?

கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். விளையாட்டுத் துப்பாக்கிகளில் பயன்படும் சின்ன .22 தோட்டாவே ஒன்றரை மைல், அதாவது சுமார் 2.4 கி.மீ. வரை போகக்கூடியது. பெரிய ரைபிள் தோட்டா இன்னும் அதிகம். அதனால்தான் சுடும் தளங்களில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம். தோட்டா மண்ணில் புதைய வேண்டும்.

செஞ்சியில் மண்மேட்டுக்குப் பதில் பாறைதான் நிற்கிறது. உருண்டு திரண்ட கருங்கல் பாறையில் தோட்டா சாய்வாகப் பட்டால் தெறித்துத் திரும்பும். எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. மலைச் சந்துகளில் ஆடு மாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் என ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். 2025 ஜூலை 11-ல் மராத்திய ராணுவக் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். மீதி 11-ம் மகாராஷ்டிராவில். அதனால் சுற்றுலாப் பயணிகள் வரத்தும் இங்கே கணக்கில் சேர வேண்டியது.

அப்படியென்றால் தூரத்திலிருந்து சுட வேண்டிய அவசியமே இல்லையா?

பெரும்பாலும் இல்லை. காட்டுப்பன்றி வயலுக்கு வருவது இரவில். பயிருக்குள் நிற்கும் பன்றியை அடையாளம் காண முடிகிற தூரமே சில பத்து மீட்டர்கள்தான். அந்தத் தூரத்தில், மேடையோ மரமோ ஏறி, மேலிருந்து தரையை நோக்கிச் சுடும்போது தோட்டா மண்ணில் புதைகிறது. பின்னால் இருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு.

அதாவது, வயல்வெளிக் கட்டுப்பாட்டுக்கு வேண்டியது நெடுந்தூர ஸ்கோப் அல்ல. சரியாக ஜீரோ செய்த துப்பாக்கி, இலக்கு பன்றிதான் என்று உறுதிசெய்யும் வெளிச்சம், பின்னால் மண், பயிற்சி பெற்ற கை. வனத்துறையினருக்கே சுடும் வேலை என்று அரசாணை வைத்ததன் நியாயம் இங்கே புரியும். அதே சமயம், அந்தப் பயிற்சியும் துப்பாக்கியும் ஆளும் ஒவ்வொரு வனச்சரகத்திலும் தயாராக இருந்தால்தான் அந்த நியாயம் நிற்கும். இல்லாவிட்டால் அனுமதி காகிதத்தோடு சரி.

மற்ற மாநிலங்கள் என்ன செய்கின்றன?

கேரளா 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர்கள் உத்தரவிடலாம், உரிமம் உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுடுவார்கள். தெலங்கானாவும் 2021-ல் ஊராட்சித் தலைவர்களுக்கு இதுபோன்ற அதிகாரம் அளித்தது.

இன்னொரு வழி, சட்டத்தின் 62-வது பிரிவு. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் 'தீங்குயிரி' என்று மத்திய அரசு அறிவிக்கலாம். அப்போது அதைக் கொல்வது குற்றமாகாது. பீகாரில் 2015-லும், உத்தராகண்டில் 2016-லும் காட்டுப்பன்றிக்கு இப்படி அறிவிப்பு வந்தது. கேரளா கேட்டும் மத்திய அரசு கொடுக்கவில்லை.

கேரள முறையில் வேகம் அதிகம். ஆனால் சுடுபவரின் திறமையை யார் சோதிப்பது என்ற கேள்வி அதிலும் உண்டு. தமிழக முறையில் கட்டுப்பாடு அதிகம். ஆனால் புகாருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நாட்கள் ஓடிவிடும் அபாயம் இருக்கிறது. மல்லாட்டைக் கொல்லைக்கு அத்தனை நாள் அவகாசம் கிடையாது.

செஞ்சி விவசாயி இப்போது என்ன செய்யலாம்?

• சேதம் நடந்த அன்றே புகைப்படம், சர்வே எண்ணுடன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்பது நல்லது. கிராம நிர்வாக அலுவலருக்கும் ஒரு நகல் தேவை. இழப்பீடு கேட்பதற்கும், நடவடிக்கை கேட்பதற்கும் இந்தக் காகிதம்தான் ஆதாரம்.
• நிலம் காப்புக் காட்டிலிருந்து எத்தனை கி.மீ. என்பதைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். கூண்டா, துப்பாக்கியா என்பதை முடிவு செய்வது அந்த எண்தான்.
• 1 முதல் 3 கி.மீ.க்குள் இருந்தால், கூண்டு வைக்கச் சொல்லி ஊராட்சி மூலமாகக் கூட்டாகக் கேட்கலாம். ஒரு கொல்லைக்கு மட்டும் கூண்டு வைத்தால் பன்றி பக்கத்துக் கொல்லைக்குப் போகும்.
• சோலார் வேலி போடுவதாக இருந்தால், 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி அனுமதி, பதிவு பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.
• வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது பன்றிக்கு வைத்த பொறி என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஆள் செத்தால் சிறைதான். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வேலிகளில் சிக்கி இறந்தவர்களில் அந்த வேலியைப் போட்ட வீட்டுக்காரர்களே உண்டு. நாட்டு வெடியும் அப்படித்தான். கடிப்பது பன்றியா, மாடா என்று அது பார்ப்பதில்லை.

ஸ்கோப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சட்டப்படியான ஒரே இடம் ரைபிள் கிளப்களின் சுடும் தளம். அங்கே அட்டையில் விழும் ஓட்டை மூன்று செ.மீ. தள்ளிப் போனால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.

செஞ்சி மலையடிவாரத்தில் தீர்வு துப்பாக்கியின் தூரத்தில் இல்லை, புகாருக்கும் நடவடிக்கைக்கும் இடையிலான தூரத்தில் இருக்கிறது. அடுத்த மல்லாட்டைப் பட்டத்துக்குள் கூண்டுகள் எத்தனை வருகின்றன, பயிற்சி பெற்ற குழு எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்கிறது, 3 கி.மீ. எல்லை மறுபரிசீலனை ஆகுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் வரும் பதிலில்தான் அந்த அரசாணையின் உண்மையான மதிப்பு தெரியும்.